அடிவரியில் தாராவி

எங்கள் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு ஆசிரியர் குழு என்று ஒன்று இருந்தது. அதில் இருந்தவர்களில் ஒருவருக்கும் ஒரு பத்தி ஒழுங்காக எழுத வராது. ஆனால் யாரோ எழுதிய பக்கத்துக்கு அடியில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று அந்த மழைக்காலம் முழுவதும் பேசினார்கள். காபி குடித்துக்கொண்டு பேசினார்கள். கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே பேசினார்கள். அதையெல்லாம் உட்கார்ந்து கேட்க வேண்டிய நிலைமை எனக்கு வந்தது. மலரைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவள் நான்.

எண்பதுகளின் கடைசி அது. மாட்டுங்காவில் அப்பாவோடு இருந்தேன். செம்பூரில் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆபீசில் ஸ்டெனோ வேலை. அந்த வருஷம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மேனேஜர் தேங்காய் உடைத்து, திரைக்கு மேலே குங்குமம் வைத்தார். அதற்கென்று தனியாக ஏ.சி. அறை கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று போர்டு மாட்டினார். யாராவது விருந்தாளி வந்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்திக் காட்டுவார். அவர் மட்டும் அதைத் தொட்டதே இல்லை. மாலை வகுப்பில் வேர்ட் ப்ராசஸிங் படித்திருந்த ஒரே ஆள் என்பதால் என்னை உள்ளே உட்காரவைத்தார்கள்.

அந்த மேனேஜர்தான் மாட்டுங்காவில் எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். தான் எழுதிய கடிதத்தைத் தானே உரக்கப் படித்து, நடுவில் நிறுத்தி, "எப்படி?" என்று கேட்கிற ரகம். ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம மலர் கம்ப்யூட்டர்ல வரப்போறது. பம்பாய்ல வேற எந்தச் சங்கமும் பண்ணினதில்லை. நீதான் அடிக்கணும். லஞ்ச் டயத்துல, சாயங்காலம் ஒரு மணி நேரம், அப்படியே முடிச்சுடலாம். உன் அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

அப்பா ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் செயலாளர் தெருவில் நின்று தன்னிடம் இரண்டு வார்த்தை பேசினார் என்பதே அவருக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான சந்தோஷம். என்னை யாரும் கேட்கவில்லை.

தமிழ்ச் சங்கத்தின் மலர் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அட்டையும் கடவுள் வாழ்த்தும் மட்டும் தமிழ். அவற்றைத் தாதரில் ஒரு அச்சகத்தில் கோத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் ஆங்கிலம் என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த மொழியிலும் அந்த மலரைப் படிக்கப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

மலருக்குப் பேப்பர் வாங்கித் தர ஆள் தேடினார்கள். அப்போதுதான் தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த பாயின் ஞாபகம் அவர்களுக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பைகள், பெல்ட்டுகள், ஆபீஸ் ஃபைல்கள் எல்லாம் அவர் பட்டறையில் தைப்பார்கள். குழுவில் பாதிப் பேர் வீட்டில் அவர் செய்த கைப்பை இருந்தது, அதுவும் தெரிந்தவர்கள் என்று விலை குறைத்து வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். கூட்டம் நடந்தது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். தலைவர் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாய் பிள்ளைகளின் பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"காயிதம் பூரா என் பொறுப்பு," என்றார். "முழுப் பக்க விளம்பரம்லாம் எனக்கு வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் அடியில எங்க கடைப் பேரும், தோல் சாமான், தாராவின்னும் ஒரு வரி வரணும். பொடி எழுத்தா இருந்தாப் போதும்."

"பேஷா போட்டுடலாம்," என்றார் தலைவர்.

"கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை," என்றார் செயலாளர்.

பாய் என் பக்கம் திரும்பினார். அந்த அறையில் என்னைப் பார்த்து எதையாவது கேட்ட முதல் ஆள் அவர்தான். "ஆகுமாம்மா?"

"ஆகும்," என்றேன்.

உண்மையிலேயே அது பெரிய வேலை இல்லை. அந்தக் காலத்து மென்பொருளில் கோப்பின் தலையில் ஒரு கட்டளை வரி எழுதவேண்டும். வரியின் முதல் இடத்தில் ஒரு புள்ளி, அதை ஒட்டி இரண்டு எழுத்து, பிறகு அடியில் வரவேண்டிய வாசகம். பக்க எண் வரவேண்டிய இடத்தில் ஒரு ஹாஷ் குறி. திரையில் அது சும்மா ஒரு வரியாகத்தான் தெரியும். பிரிண்டரில் போட்டால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தானாக வந்து நிற்கும். இடதுபக்கம் சங்கத்தின் பெயர், நடுவில் எண், வலதுபக்கம் பாயின் கடை. எல்லாம் ஒரே வரிக்குள் அடங்கவேண்டும் என்பதால் இடைவெளிகளை விரலால் எண்ணி எண்ணி வைத்தேன். முதலில் எண் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்தது. பிறகு சரியாக வந்தது. அச்சாகி வந்த பக்கங்களைப் பார்க்க எனக்கே கொஞ்சம் திருப்தியாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

முதல் புரூஃப் முழுவதையும் எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனோம். தலைவர் வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். அவருடைய மனைவி, பம்பாயில் நம் பண்பாடு என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னம்மா இது? என் ஆர்ட்டிகிளுக்குக் கீழே லெதர்னு போட்டிருக்கே?"

"எல்லாப் பக்கத்திலயும் இருக்கு மாமி. அவர் கேட்டது அதுதானே."

"எல்லாப் பக்கம்னா? சுவாமி படத்துக்குக் கீழயுமா?"

புரட்டினார். சுவாமி படத்துக்கு என்று விட்டிருந்த வெற்றுப் பக்கத்தின் அடியிலும் இருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறையில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியின் மடியில் அவருடைய கைப்பை இருந்தது. பழுப்பு நிறம், பித்தளைக் கொக்கி. அது பாயின் பட்டறையில் தைத்ததுதான்.

"தோல்ங்கற வார்த்தையை எடுத்துடலாமே," என்றார் ஒருவர்.

"அதைவிட தாராவிதான் உறுத்தறது. சீஃப் கெஸ்ட் வேற பாப்பார்."

"அப்போ பம்பாய்-17னு போடலாம். தாராவிதான்னு தபால்காரனுக்கு மட்டும் தெரியும்."

இதைச் சொன்னவர் தன் புத்திசாலித்தனத்தை யாராவது பாராட்டுவார்களா என்று சுற்றிலும் பார்த்தார். இரண்டு பேர் பாராட்டவும் செய்தார்கள். கடையின் பெயரையே எடுத்துவிடலாம் என்றாகி, அந்த இடம் காலியாகப்போகிறது என்று தெரிந்ததும் பேச்சு வேறு பக்கம் போனது. தலைவர் பெயர் அடியில் வரலாமே என்றார் தலைவர். அப்படியானால் செயலாளர் பெயரும் வரவேண்டும் என்றார் செயலாளர். பொருளாளர் இருமினார். பாய் வாங்கித்தரும் பேப்பரில் அவர் பெயர் இருந்த இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ள இவர்கள் அடித்துக்கொண்டதை நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் யாருக்கும் யாரும் விட்டுக்கொடுக்காததால் சங்கத்தின் பெயரும் எண்ணும் மட்டும் என்று முடிவானது.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே," என்றேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ மாத்தறதை மட்டும் பாரு," என்றார் செயலாளர்.

மறுநாள் ஏ.சி. அறைக்குச் செயலாளரே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் கோப்பைத் திறந்து அந்த வரியின்மேல் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இதுதான் சார். நான் அழிக்கமாட்டேன். வேணும்னா நீங்க அழியுங்கோ."

கோபப்படுவார் என்று நினைத்தேன். குனிந்து, "எதை அமுக்கணும்?" என்றார். காட்டினேன். மோதிரம் போட்ட விரலால் ஒன்றை அழுத்திக்கொண்டு இன்னொன்றைத் தட்டினார். வரி காணாமல் போனது. "போயிடுத்தே!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். எனக்குத் தெரிந்து அவர் அந்த மெஷினைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

சங்கத்தின் பெயரும் எண்ணும் மட்டும் வருகிற மாதிரி வேறு அடிவரி எழுதி, பிழைகளைத் திருத்தி, புதிதாகப் பிரிண்ட் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினோம். பழைய புரூஃபைச் செயலாளர் கேட்டு வாங்கிக்கொண்டார். கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். விழாவுக்குச் சில நாள் முன்னால் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மேஜை மேலிருந்த ஒரு மலரைத் தள்ளினார். அதே அட்டை, அதே தைப்பு. திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் தோல் சாமான், தாராவி. என்னுடைய பழைய புரூஃபை அப்படியே ஓரம் வெட்டி பைண்ட் செய்திருந்தார்.

"பாய்க்கு ஸ்பெஷல் பிரதி," என்றார். "மேடையில வெச்சு இதைக் குடுத்துடுவோம். அவர் கேட்டது அவருக்குக் கிடைச்சாச்சு. மத்தவாளுக்கும் மனக்கஷ்டம் இல்லை. எப்படி?"

அந்த "எப்படி?"யைக் கேட்டதும் மலரை மூடி அவர் பக்கமே தள்ளினேன். முப்பது வருஷம் ஆபீசில் குப்பை கொட்டிய ஒரு மனிதன் தன் மூளை முழுவதையும் கூட்டி யோசித்தது இதுதான். அந்தப் புரூஃபில் திருத்தாத பிழைகள் அப்படியே இருந்தன. தலைவரின் மெசேஜ் என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறி, தலைவரின் மசாஜ் என்று இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் குர்லாவில் வண்டி மாறி, மாட்டுங்கா வரை போகாமல் சயானில் இறங்கி தாராவிக்கு நடந்தேன். பாயின் பட்டறை மாடியில் இருந்தது. இரும்பு ஏணி. உள்ளே தோலும் ஒட்டுகிற சொல்யூஷனும் கலந்த நெடி. தையல் மெஷின்களின் இரைச்சலில் பேச முடியாமல் அவர் என்னை ஜன்னல் ஓரம் கூட்டிக்கொண்டு போனார். சாய் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மாமி சொன்னதைக்கூட விடவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்படிம்மா எடுத்தாக? ஒவ்வொரு பக்கமா அழிச்சாகளா?"

"இல்லை. மேலே ஒரே வரிதான். அதை எடுத்தா எல்லாப் பக்கத்திலயும் போயிடும்."

"ஒரே வரியா? ஏக்தம் சாஃப், சுத்தமாத் துடைச்சாச்சு!" என்று சிரித்தார். சாயைக் குடித்து முடித்துக் கிளாசைக் கீழே வைத்தார். "நான் எதுக்குக் கேட்டேன் தெரியுமா? விளம்பரத்துக்குன்னு அவுக நினைச்சிருப்பாக. என் மால் துபாய்க்குப் போவுது. மாட்டுங்காவுல விளம்பரம் போட்டா நான் விக்கணும்? எம்மவ மாட்டுங்காவுலதான் காலேஜ் படிக்கா. கூடப் படிக்குற புள்ளைக எங்க இருக்கன்னு கேட்டா பக்கத்து ஏரியா பேரைச் சொல்லி, மாஹிம்ங்கா. தாராவின்னு வாயில வரமாட்டேங்கு. உங்க ஆளுக பொஸ்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் தாராவின்னு இருந்தா அவ பாப்பாள்லா. அதுக்குத்தான் கேட்டேன்."

"நீங்க விழாவுக்கு வராதீங்கோ," என்றேன்.

"கூப்பிட்டிருக்காகளே, வராம இருந்தா எப்படி? அவளயும் கூட்டிட்டு வாரேன். இவுக யாருன்னு அவளும் பாக்கட்டும்."

அவர் குரலில் கோபம் இல்லை. மட்டமான தோலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளிவைக்கிற ஆளின் குரல் அது. ஏணியில் இறங்கும்போது, இவ்வளவு நாளாக அந்தக் கூட்டத்தின்மேல் எனக்கிருந்த வெறுப்பெல்லாம் வெறும் சத்தம்தான் என்று தோன்றியது.

விழா அன்று ஹால் நிறைந்திருந்தது. வாசலில் பட்டுப்பாவாடைப் பெண்கள் ஆளுக்கொரு மலர் கொடுத்தார்கள். பாய் வெள்ளைச் சட்டையில் வந்தார். கூட அவர் மகள், சல்வார் கமீஸில், ஒல்லியாக, எல்லாவற்றையும் அலட்சியமாகப் பார்க்கிற கண்களோடு. முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் பக்கவாட்டில், மேடைக்குப் போகிற படி அருகே நின்றிருந்தேன். பாயை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி, ரிப்பன் கட்டிய அந்த ஒரு பிரதியைத் தலைவர் கொடுத்தார். கைதட்டல். பாய் இறங்கி வந்து அதை மகளிடம் கொடுத்தார். அவள் மடியில் ஏற்கெனவே வாசலில் வாங்கிய பிரதி இருந்தது.

தலைவர் பேச ஆரம்பித்தார். அவர் பேச ஆரம்பித்தால் ஜனங்கள் விசிறிக்கொள்ள ஆரம்பிப்பார்கள். அந்தப் பெண் இரண்டு மலர்களையும் மடியில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் இரண்டிலும் ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். அடியைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தின் அடியைப் பார்த்தாள். அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் திருப்பினாள். தலைவரின் பக்கம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஹாலில் பாதிப் பேர் திரும்பினார்கள். பண்பாடு பற்றிப் பேசி உச்சத்தில் இருந்த தலைவர் ஒரு நொடி தடுமாறினார்.

"வாப்பா, இதப் பாருங்க, மசாஜாம்," என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

பேப்பர் கொடுத்தவர் என்பதால் பாயை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்குக்கு முன்னால் நின்று சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"பொஸ்தகம் நல்லா வந்திருக்கு. காயிதமும் நல்ல காயிதம்தான், நான் வாங்கினது. ரெண்டு தினுசா அடிச்சிருக்காக. எனக்கு ஒண்ணு, உங்களுக்கெல்லாம் ஒண்ணு. என்னோடதுல தாராவி இருக்கு, உங்களோடதுல இல்ல. பரவால்ல, நீங்க மாட்டுங்காவுலதான இருக்கீக. வாரேன்."

ஜனங்கள் பலமாகக் கைதட்டினார்கள். ஏதோ நன்றி சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள், இல்லை, எப்போதும்போல் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். தலைவரும் கைதட்டினார். செயலாளர் மட்டும் தட்டவில்லை. அவர் கண் ஹாலில் என்னைத் தேடியது. நான் நகரவில்லை.

டிபன் வரிசையில் தலைவரின் மனைவி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, "எங்கேம்மா இருக்கேள்?" என்று கேட்டார். பாய் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"மாஹிம்," என்றாள் அவள்.

பாய் அதைக் கேட்டார். தட்டில் இருந்த போண்டாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். போகும்போது அவள் வாசலில் வாங்கிய மலரை நாற்காலியிலேயே போட்டுவிட்டு ஸ்பெஷல் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டாள். தாராவிக்காக எடுத்தாளா, காலேஜில் மசாஜைக் காட்டுவதற்காக எடுத்தாளா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை செயலாளர் கூப்பிட்டார். "பாய்கிட்ட யார் சொன்னா?"

"நான்தான். வீட்டுக்குப் போற வழியில இறங்கிப் போய்ச் சொன்னேன்."

பொய் சொல்வேன், அதைப் பிடித்துக்கொண்டு கத்தலாம் என்று காத்திருந்தவருக்கு இது வசதியாக இல்லை. "உன் அப்பா எவ்வளவு மரியாதையான மனுஷர்!" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே என்னை ஏ.சி. அறையிலிருந்து எடுத்து, தபால் பிரித்து அடுக்குகிற பிரிவில் போட்டார்கள். கம்ப்யூட்டரில் அக்கவுண்ட்ஸ் பையன் ஒருவன் உட்கார்ந்தான். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்தப் பிரிவில் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காரலாம்.

செயலாளர் அப்பாவிடமும் சொல்லியிருந்தார். கறிகாய்க் கடை முன்னால் நிறுத்தி வைத்து, நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார். அப்பா வந்து பையைக் கீழே வைக்காமலே நின்றார்.

"உனக்கு எதுக்கு அந்தப் பாய்க்கு வக்காலத்து? அவருக்குத்தான் தனியா புஸ்தகம் குடுத்தாளே."

"அது ஏமாத்து வேலை இல்லையா அப்பா?"

"சங்கத்துல எல்லாம் பாத்துத்தான் செய்வா," என்றார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, "அவர் என்கிட்ட இனிமே பேசுவாரோ மாட்டாரோ," என்றார். அவருக்கு அதுதான் கவலை. பாவம் என்று சொல்லத் தோன்றியது, ஆனால் எனக்குப் பாவமாக இல்லை. அடுத்த பண்டிகைக்குச் செயலாளர் கோவிலில் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பா அன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார்.

பாயை நான் பிறகு பார்க்கவில்லை. அடுத்த வருஷம் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. தினமும் ரயிலில் நசுங்கவேண்டும், தூரம் அதிகம், அப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அங்கேயும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அங்கேயும் ஒரு மேனேஜர் இருந்தார். சேர்ந்த அன்று அவரிடம், சார் ஏதாவது சங்கத்தில் பதவியில் இருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் விழித்தார். இல்லை என்றார். நல்லது என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.